இடது காலுக்கு ஒரு தாள்

அந்தப் பயணிகள் விமானத்துக்கு வயது இருபத்தொன்று. இரண்டு கம்பெனிகளில் ஓடிவிட்டு எங்களிடம் வந்தது. வெள்ளிக்கிழமை நான்காவது கம்பெனிக்குப் போக வேண்டும். விமானம் நிறுத்தும் ஹேங்கரில் எல்லோருக்கும் அது கிழவி. எந்த நட்டு எப்போது கழன்றது, யார் முடுக்கினார் என்று கிழவியின் மொத்த சரித்திரமும் நாற்பத்தாறு அட்டைப்பெட்டிகளில் இருக்கிறது. அந்தப் பெட்டிகளுக்கு நான் பொறுப்பு.

செவ்வாய்க்கிழமை, வாங்குகிற கம்பெனியின் பரிசோதகர் ஒரு தாளைக் காணோம் என்றார். இடது பக்கச் சக்கரங்களைத் தாங்கும் கால். இத்தனை முறை தரையிறங்கியதும் தூக்கிப்போட வேண்டும் என்று அதற்கு ஓர் ஆயுள் உண்டு. பதினோரு வருஷத்துக்கு முன் கிழவிக்கு அதை மாட்டியபோது, அது ஏற்கெனவே எத்தனை முறை இறங்கியிருந்தது? கம்ப்யூட்டரில் எண்ணும் தேதியும் இருந்தன. கையெழுத்துப் போட்ட தாள் இல்லை.

"தாள் இல்லேன்னா இந்தக் கால் குப்பைதான்மா. வேற கால் வர்ற வரைக்கும் ப்ளைட்டு இங்கயே நிக்கும்."

மேனேஜர் என்னைக் கூப்பிட்டார்.

"பெட்டியெல்லாம் திறந்து ஸ்கேன் பண்ணது யாரு?"

"நான்தான் சார்."

"அப்பத் தொலைச்சதும் நீதான்." என் கவனக்குறைவால் தொலைந்தது என்று கடிதத்தை அவரே அடித்து வைத்திருந்தார். "கையெழுத்துப் போடு. உங்க வீட்ல யாரும் ஆபீஸ் பக்கம் தலைவெச்சுப் படுத்ததில்ல. தாளோட அருமை எங்க தெரியப்போகுது?"

எங்கள் வீட்டு பீரோவில் பூட்டுள்ள ஒரே அறையில் இருப்பது இரண்டு: அப்பாவின் லாரி லைசென்ஸ், என் சர்டிபிகேட்டுகள். தாளின் அருமையை இவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய நிலையில் நாங்கள் இல்லை.

"போட முடியாது சார்."

"அப்ப வெள்ளிக்கிழமையோட நீயும் கிளம்பலாம்."

போட முடியாது என்று வாய் சொல்லிவிட்டது. ஆனால் எனக்கே ஒரு சந்தேகம் இருந்தது. போன வருஷம் ஒருநாள் ஸ்கேனர் ஒரு கட்டுத் தாளை மென்று துப்பியது. கசங்கியதையெல்லாம் நீவித் திரும்ப வைத்தேன். எல்லாவற்றையும் வைத்தேனா? எண்ணிப் பார்க்கவில்லை. இதை யாரிடமும் சொல்லவில்லை.

புதன் மதியத்துக்குள் நாற்பத்தாறு பெட்டிகளையும் கவிழ்த்துப் பார்த்துவிட்டேன். இல்லை. மெக்கானிக் அண்ணன் டிபன் டப்பாவோடு எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா, கிழவிக்குக் கால் வலியாமே?"

"கிண்டல் பண்ணாதீங்கண்ணா. எனக்கு வேலை போகப்போகுது."

"எந்தக் கால்? இடதா? அது அவளோடதே இல்லையே. அக்காகாரிகிட்டேர்ந்து கழட்டினது. நான்தான மாட்டினேன்."

அக்காகாரி என்பது எங்களிடமே இருந்த அதே ரக விமானம். எட்டு வருஷத்துக்கு முன் உடைத்துப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்கள்.

"எழுதினீங்களாண்ணா?"

"எழுதாம? கழட்டினதுக்கு ஒரு தாள், மாட்டினதுக்கு ஒரு தாள். பிரிஞ்சு போயிடக் கூடாதுன்னு ரெண்டையும் சேத்துப் பின் அடிச்சுக் குடுத்தேன்."

"மேல எது இருந்துச்சு?"

"இது என்ன கேள்வி? முதல்ல கழட்டணும், அப்புறம்தான மாட்டணும்? கழட்டினதுதான் மேல."

"அண்ணா, உங்க ஒழுங்குல தீயை வைக்க!"

மேல் தாளில் இருந்தது அக்காகாரியின் எண்; எந்தக் குமாஸ்தாவும் அவள் பெட்டியில்தான் போடுவான். அக்காகாரியின் பெட்டிகள் ஸ்டோர் ரூமில், கிழிந்த விமான இருக்கைகளுக்கு அடியில் கிடந்தன. அண்ணன் சாப்பாட்டை மறந்து இருக்கைகளை இழுத்துப் போட்டார். பெட்டிகளைச் சுற்றி ஒட்டிய டேப்பின் மேல் எட்டு வருஷத்துக்கு முந்தைய தேதி. ஒன்றுகூடப் பிரிந்திருக்கவில்லை. நான் வேலைக்குச் சேர்ந்தே இரண்டு வருஷம்தான்.

ஒன்பதாவது பெட்டி. துருப்பிடித்த பின். மேல் தாளைத் தூக்கினேன். அடியில் கிழவியின் எண். இடது கால், பதினோராயிரத்து இருநூற்று ஆறு இறக்கங்கள், மூன்று கையெழுத்துகள்.

ஸ்கேனர் தின்னவில்லை. நான் தொலைக்கவில்லை. ஒரு கிழிந்த இருக்கையிலேயே உட்கார்ந்துவிட்டேன். இரண்டு நாளாக உள்ளே இறுக்கி வைத்திருந்த மூச்சு வெளியே வந்தபோது சத்தமே கேட்டது.

"அழறியா சிரிக்கிறியா?" என்றார் அண்ணன்.

"தெரியலண்ணா. இருங்க."

பரிசோதகர் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், கூட்டினார், இன்னொரு தடவை கூட்டினார். காலுக்கு இன்னும் நாலாயிரத்துச் சொச்சம் இறக்கங்கள் பாக்கி. "சரியா இருக்கும்மா," என்று டிக் அடித்தார்.

மேனேஜர் முகமெல்லாம் சிரிப்பாக வந்தார். "கிடைச்சிடுச்சா? நல்லாத் தேடுன்னு அப்பவே சொன்னேன்ல?"

"நீங்க அப்படிச் சொல்லல சார். நான் தொலைச்சுட்டேன்னு சொன்னீங்க."

"அதான் கிடைச்சிடுச்சே, விடேன்."

"அந்த லெட்டரைக் கிழிங்க சார். இப்பவே."

பரிசோதகர் தலையைக் குனிந்து, ஏற்கெனவே படித்த பக்கத்தை மறுபடி படித்தார். மேனேஜர் கடிதத்தை எடுத்து இரண்டாகக் கிழித்தார்.

"இன்னும் சின்னதா, சார்."

கிழித்தார்.

கைத்தூசியைக் கழுவிவிட்டு அம்மாவுக்கு போன் செய்தேன். ஒன்றுமில்லை, சும்மாதான் என்றேன்.

"வேலை நேரத்துல என்னடி சும்மா? சாப்பிட்டியா?"

நேற்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. போனை வைத்துவிட்டு, என் டப்பாவைக் காலி செய்தேன். பிறகு அண்ணனுடையதிலும் பாதி.