மீசையை வெளுத்த கறுப்புப் பொடி

"கழிவுத் தண்ணில ஒரு சொட்டு சாயம் தெரிஞ்சாலும் இன்னிக்கே பூட்டுதான்" என்று சொல்லிக்கொண்டேதான் அதிகாரி உள்ளே வந்தார். சாயப்பட்டறை என் மருமகனுடையது. அதில் வரும் சோறு எங்கள் எல்லோருடையது.

மருமகன் நம்பியிருந்தது ஒரு கறுப்புப் பொடியை. இரும்பில் செய்தது; ஒரு துகளைத் தனியாகப் பார்க்கக் கண் போதாது. சாயத் தண்ணீரில் கலக்கினால் சாயம் முழுவதும் அதில் அட்டையாக ஒட்டிக்கொள்ளும். தொட்டிக்கு வெளியே காந்தத்தை வைத்தால் பொடி சுவரோரம் ஒதுங்கும், தண்ணீர் தெளிந்துவிடும். பிறகு பொடியைக் காரத் தண்ணீரில் அலசினால் சாயத்தைக் கக்கிவிட்டு மறுபடி வேலைக்கு வரும். மாப்பிள்ளைகளில் இப்படி ஒன்று கிடைப்பது அரிது.

காந்தம் அம்மிக்கல் அளவு. அதனால் எங்கள் பட்டறையில் யாரும் பெல்ட் போடுவதில்லை, நாடாதான். வருகிறவர்களிடம் முதலில் அதைத்தான் சொல்வோம். அன்று பயத்தில் மறந்துபோனோம்.

அதிகாரி தொட்டியை எட்டிப் பார்த்தார்.

"யோவ், இது தண்ணியா, தாரா?"

"பொடி சார். இதோ தெளிஞ்சிடும்" என்று மருமகன் காந்தத்தைத் தள்ளிக்கொண்டு வந்தான்.

பெல்ட் கொக்கி முதலில் புறப்பட்டது. அதிகாரி பின்னாலேயே போனார். இடுப்பு தொட்டிச் சுவரில் ஒட்ட, தலை தண்ணீருக்குள் தொப்பென்று இறங்கியது.

"அப்பா, காலைப் பிடிங்க!" என்று என் மகள் கத்தினாள். பிடித்தேன். மருமகன் காந்தத்தை எதிர்ப்பக்கம் இழுத்துப் போனான். அதிகாரி கழன்றார். முகத்தில் அப்பியிருந்த பொடி பூராவும் எறும்பு வரிசை மாதிரி இறங்கி, அந்தப் பக்கச் சுவருக்கு நடந்தது.

தண்ணீர் கண்ணாடியாகக் கிடந்தது. அதில் அதிகாரி தன் முகத்தைப் பார்த்தார். காலையில் கருகருவென்று வீட்டைவிட்டுக் கிளம்பிய மீசை, பஞ்சாக வெளுத்திருந்தது.

மருமகன் நெற்றியைத் துடைத்துக்கொண்டான். பூட்டு நிச்சயம் என்று நினைத்தான் பாவம்.

"சாயத்தை எடுக்குதுங்களா சார்?" என்றேன் பணிவாக.

அவர் என்னை முறைத்தார். தண்ணீரைக் கண்ணாடிக் குவளையில் மொண்டு, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மறுக்க வழியில்லை. அனுமதித் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு, மருமகனின் காதோரம் குனிந்தார்.

"அந்தப் பொடிய அலசினா, எடுத்த சாயம் திரும்ப வருமா தம்பி?"

"வரும் சார். ஆனா துணிக்குப் போட்ட சிவப்பும் கலந்திருக்குமே."

"பரவாயில்ல, சீக்கிரம் அலசு. ஆபீசுக்குப் போகணும்."

அந்த அலுவலகத்துக்குப் போனால் அவர் பெயரைக் கேட்க வேண்டாம். செம்மீசைக்காரர் என்றால் காவலாளியே கூட்டிக்கொண்டு போவார்.