சகலனின் புத்தம் புதுக் கார்

என் சகலன் சச்சிதானந்தனுக்கு மூளை இல்லை என்று நான் ஒருநாளும் சொன்னது கிடையாது. இருக்கிறது. பிறந்த நாளிலிருந்து பொலித்தீன் உறைகூடக் கழற்றாமல் பத்திரமாக வைத்திருக்கிறார், அவ்வளவுதான்.

நான் இராஜசிங்கம். ஷ்லீரன் நகரில் ஒரு கராஜில் இருபத்தொன்பது வருடம் கார்களுக்குப் பெயின்ட் அடித்துவிட்டு, இப்போது பென்ஷனில் காலாட்டிக்கொண்டிருப்பவன். என் மனைவி புனிதவதியின் தங்கையைக் கட்டியவர்தான் இந்தச் சச்சிதானந்தன். ஆராவ் நகரில் காப்புறுதி முகவர். யாருக்காவது என்னை அறிமுகப்படுத்தினால் சகலன் என்று சொல்லமாட்டார். "இவர் பெயின்ரர்" என்பார். சொல்லிவிட்டுக் கைலேஞ்சியால் வாயைத் துடைப்பார்.

2017இல் அவருடைய மகள் மதுஜாவுக்குக் கல்யாணம் முற்றாகியது. மாப்பிள்ளை பீல் நகரில் வளர்ந்த பிள்ளை, தங்கமான பையன். தகப்பன் பாலேந்திரன்தான் விஷயம். மணிக்கூட்டுத் தொழிற்சாலையில், ஒரு கண்ணில் பூதக்கண்ணாடியைச் செருகிக்கொண்டு மணிக்கூட்டுக்குள் தூசி தேடுகிற வேலை. வெளியே வந்தாலும் அந்தக் கண்ணாடியைக் கழற்றுவதில்லை என்றுதான் எனக்குச் சந்தேகம். மூத்த மகனுக்குப் பேசிய சம்பந்தத்தை, பெண்ணின் தகப்பன் தன் வயதில் இரண்டைக் குறைத்துச் சொன்னார் என்பதற்காகவே குழப்பிய மனிதர்.

அப்பேர்ப்பட்டவரிடம் போய் என் சகலன், "மாப்பிள்ளையை மண்டபத்துக்குக் கூட்டிவர எண்டே புத்தம் புதுக் கார் ஒண்டு எடுத்திருக்கிறன்" என்று அளந்துவிட்டார்.

எடுத்தது பதினொரு வயதுக் கிழடு. நிறம், அவித்த முட்டையின் மஞ்சள். சூரியன் இல்லாத நாளில் அதை வெளியே விட்டிருந்தால் ஆராவ் முழுக்கத் தெருவிளக்கு அணைந்திருக்கும். அதை எங்கேயோ கொண்டுபோய்க் கதவின் உள்பக்கம்வரை கறுப்பு அடிப்பித்தார். பெயின்ட் வேலைக்கென்றே ஆயுளை அழித்த என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடித்தவன் தெளிவாகச் சொல்லித்தான் கொடுத்திருக்கிறான்: பூச்சு இறுகும்வரை ஆறு கிழமைக்கு, ஒன்றரை மாதத்துக்கு, ஒருவரும் கை வைக்கக்கூடாது.

ஆனால் புதுக் கார் என்று சொன்ன பிறகு கோயிலில் பூசை செய்யாமல் இருக்க முடியுமா? சனம் என்ன சொல்லும்? மூன்றாம் நாளே கொண்டுபோய் நிறுத்தினார். ஐயர் காரின் முன்மூடியில், அதுதான் பொனற்றில், விபூதியை அள்ளி மூன்று குறி இழுத்து, நடுவில் சந்தனம் வைத்து, சில்லுகளுக்கு அடியில் எலுமிச்சங்காயும் வைத்தார். அதோடு வீட்டுக்குப் போயிருந்தால் கடவுள் காப்பாற்றியிருப்பார். இவரோ தோளில் கிடந்த சால்வையை எடுத்து, காய்ந்த விபூதியைத் துடைத்தார். சும்மா துடைக்கவில்லை. சரிகைக் கரையால், அழுத்தி, வட்டம் வட்டமாக.

அன்று பின்னேரம் எனக்குப் போன் வந்தது.

"அண்ணை..."

இருபத்திரண்டு வருடத்தில் அந்தக் குரல் என்னை அண்ணை என்றது அதுதான் முதல் தடவை. யாரோ இலக்கம் மாறி எடுத்துவிட்டார்கள் என்று நினைத்து வைக்கப் பார்த்தேன்.

"அண்ணை, நான் சச்சி. கல்யாணத்துக்கு நாலு நாள்தான் கிடக்கு. காரில சின்னக் கீறல் ஒண்டு."

சின்னக் கீறல்! மறுநாள் அவருடைய கட்டடத்தின் நிலக்கீழ் கராஜில் போய்ப் பார்த்தேன். அந்தக் கீறல்களுக்குள் ஆரே ஆற்றைத் திருப்பிவிட்டிருக்கலாம், படகும் விட்டிருக்கலாம். பூனைகள் மாநாடு கூட்டி, கைகலப்பில் முடித்த இடம்போலக் கிடந்தது பொனற்.

"பாலேந்திரன் கண்டால் என்ன நினைப்பார்?" என்றார் சகலன்.

"புதுக் காரைப் பூனை வளர்க்கிறவன் கடையில வாங்கினியள் எண்டு நினைப்பார்."

"பகிடி விடாதேங்கோ அண்ணை. பழசெண்டு தெரிஞ்சால் அந்தாள் கல்யாணத்தைக் குழப்பிப்போடும். பிள்ளை செத்துப்போவாள்."

அது உண்மை. ஆகவே வேலையைத் தொடங்கினேன். பொனற்றின் ஓரங்களுக்குக் கடதாசி ரேப் ஒட்டினேன். ஓரத்தில் பூச்சு மெல்லியது. பொலிஷ் மெசின் பட்டால் ஒரு மூச்சில் போய்விடும். ஊறவைத்த அரத்தாளைக் கட்டையில் சுற்றி, முதலில் இரண்டாயிரம் இலக்கம், பிறகு அதைவிட நைசான மூவாயிரம். தண்ணீர் தெளித்துத் தெளித்துத் தேய்த்தேன். மேற்பூச்சு பால்போலக் கரைந்து ஓடியது. துடைத்தபோது பளபளத்த கறுப்பு முழுவதும் சாம்பல் பூத்த அடுப்புப்போல மங்கிக் கிடந்தது. அப்படித்தான் கிடக்கவேண்டும், பொலிஷ் போட்டால் முகம் பார்க்கலாம். இதைச் சகலனுக்கு முன்கூட்டியே சொல்லியிருக்கலாம்தான். சொல்லவில்லை.

"ஐயோ! அண்ணை! என்ன செய்துபோட்டியள்?"

"ம்... கொஞ்சம் கூடிப்போச்சோ தெரியேல்லை," என்று தாடையைச் சொறிந்தேன். "ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டு வந்து யோசிப்பம்."

மேலே போய் நிதானமாகத் தேத்தண்ணீர் குடித்தேன். பயற்றம் பணியாரம் மூன்று சாப்பிட்டேன். வாழ்நாளில் அத்தனை ருசியான பணியாரம் சாப்பிட்டதில்லை. நான்காவதில் கை வைத்தபோது கீழே மெசின் இரைகிற சத்தம் கேட்டது.

ஓடினேன். என் வயதுக்கு அது ஓட்டம்தான். சகலன் பொலிஷ் மெசினைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஆடிக்கொண்டிருந்தார். நான் ஒட்டிய ரேப் எல்லாம் உரிந்து நிலத்தில் கிடந்தது.

"ரேப்புக்குக் கீழயும் கீறல் இருந்தது, அண்ணை. இணையத்தில பார்த்தன், லேசான வேலைதான்..."

"மெசினை நிப்பாட்டுமையா!"

நிறுத்தினார். பொனற்றின் முன் ஓரத்தில், இரண்டு பிராங்க் குற்றிக் காசு அளவில், முட்டை மஞ்சள் எட்டிப்பார்த்துச் சிரித்தது.

நாங்கள் இருவரும் வாய் பிளந்து நின்ற அந்த நேரம் பார்த்துக் கராஜ் கதவு உயர்ந்தது. உள்ளே வந்தது பாலேந்திரனின் வெள்ளிநிறக் கார். கூறைச் சீலையைப் பெண்வீட்டாருக்குக் காட்டுவதற்குக் கொண்டுவந்திருக்கிறார். விருந்தினர் இடத்தில் காரை விட்டுவிட்டு நேரே எங்களிடம் வந்தார். குனிந்தார். பூதக்கண்ணாடி இல்லாமலே அந்த மஞ்சளைக் கண்டுபிடித்தார்.

"இதென்ன, புதுக் காரில மஞ்சள்?"

சகலனைப் பார்த்தேன். வாய் மீன்போலத் திறந்து திறந்து மூடியது. காப்புறுதி விற்கிற வாய்! ஆயிரம் பேரைக் கதைத்துக் கவிழ்த்த வாய்!

மதுஜாவுக்காகத்தான் வாய் திறந்தேன் என்று எழுதினால் நல்ல பெயர் கிடைக்கும். பாதிதான் உண்மை. அப்படியொரு சந்தர்ப்பத்தை வீணாக்க எனக்கு மனம் வரவில்லை.

"அது அடிப்பூச்சு," என்றேன். "விலை கூடின கார்களுக்கு மட்டும் மஞ்சளில அடிக்கிறவை. இரும்பில கறள் பிடிக்க விடாது. மற்றக் கார்களுக்கு வெறும் சாம்பல்தான். நான் இருபத்தொன்பது வருசம் இந்த வேலை. ஆனால் இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததே?"

பாலேந்திரன் நிமிர்ந்தார். தெரியாது என்று சொல்லிப் பழக்கமில்லாத மனிதர் சட்டைக் கொலரைச் சரிசெய்துகொண்டார்.

"ஓம் ஓம், தெரியும். நல்ல கார் எண்டால் மஞ்சள்தானே. நான் சும்மா உங்களைச் சோதிச்சுப் பார்த்தன்."

"அதுதானே பார்த்தன்," என்றேன்.

அவர் மேலே போனதும் சகலன் என் கையைப் பிடித்தார். "அண்ணை, நீங்கள் பெரிய மனிசன்" என்றார். கையை இழுத்து, அவருடைய கைலேஞ்சியாலேயே துடைத்துக்கொண்டேன். பிறகு மிச்சப் பொலிஷையும் போட்டு, மஞ்சள் தெரிந்த இடத்தில் சிறு தூரிகையால் கறுப்பு வைத்து, பொனற்றை முகம் பார்க்கிற பதத்துக்குக் கொண்டுவந்தேன். அதில் தெரிந்த சகலனின் முகத்துக்கு மட்டும் நான் பொறுப்பில்லை.

சனிக்கிழமை கல்யாணம் ஒரு குறையுமில்லாமல் நடந்தது. தாலி கட்டி முடிந்து காற்று வாங்க மண்டபத்தின் பின்பக்கம் போனேன். அங்கே மாப்பிள்ளையின் தகப்பன் பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தன் காரின் பக்கத்தில் குந்தியிருந்து, கதவு ஓரத்தைக் கார்த் திறப்பின் பல்லால் சுரண்டிக்கொண்டிருந்தார். ஒரு விரல் நீளத்துக்குப் பூச்சு போயிருந்தது. சாம்பல்தான் தெரிந்தது.

என்னைக் கண்டதும் திறப்பை மடிக்குள் ஒளித்தார்.

"கார் வித்தவங்கள் என்னை ஏமாத்திப்போட்டாங்கள் போல கிடக்கு," என்றார் மெதுவாக.

"அவசரப்படாதேங்கோ," என்றேன். "இன்னும் கொஞ்சம் உள்ளுக்குச் சுரண்டிப் பாருங்கோ."