பூஜைக்கு அணைத்த சர்வர்

ஆயுத பூஜை லீவு முடிந்து கம்பெனி திறந்த அன்று, பேக்கிங்கில் ஒரு அட்டைப் பெட்டிக்குக்கூட ஸ்டிக்கர் வரவில்லை. தரணீதரன் தாராபுரம் ரோட்டில் வண்டியில் வந்துகொண்டிருக்கும்போதே போன் அடிக்க ஆரம்பித்துவிட்டது. ஓரமாக நிறுத்தி எடுத்தார். பேக்கிங் இன்சார்ஜ் விஜயராணி.

“ஏனுங்ணா, உங்க பொட்டிக்கு மட்டும் இன்னும் லீவு முடியலீங்களா?”

தரணீதரன் அந்தப் பனியன் கம்பெனியின் கம்ப்யூட்டர் ஆள். இருபது வருசத்துக்கு மேல் அங்கேதான் வேலை. விஜயராணி பொட்டி என்று சொன்னது, அக்கவுண்ட்ஸ் ரூமில் மாடிப்படிக்கு அடியில் கிடக்கிற பழைய கம்ப்யூட்டரை. அதில்தான் ஜாவாவில் எழுதிய ஒரு வெப் சர்வீஸ் ஓடுகிறது. பேக்கிங்கில் பெட்டியை ஸ்கேன் செய்தால் அங்குள்ள கம்ப்யூட்டர் இந்தச் சர்வீஸைக் கூப்பிடும். இது ஜெர்மனியில் இருந்து பனியன் வாங்குகிற பையரின் சர்வரைக் கூப்பிட்டு ஒரு நம்பர் வாங்கித் தரும். அந்த நம்பர்தான் ஸ்டிக்கராக அடிக்கும். ஸ்டிக்கர் ஒட்டாத பெட்டியை லாரியில் ஏற்ற மாட்டார்கள்.

அதை எழுதியது தரணீதரனும் ராஜபாண்டியும். இரண்டு பேருக்கும் அப்போது கல்யாணம்கூட ஆகவில்லை. ராஜபாண்டி தெற்கத்திக்காரர். பிறகு ஊருக்கே போய், இப்போது கோவில்பட்டியில் பெயின்ட் கடை வைத்திருக்கிறார்.

தரணீதரன் போய்ப் பார்த்தபோது பொட்டி குளிர்ந்து கிடந்தது. நெற்றியில் சந்தனமும் குங்குமமும் பளிச்சென்று இருந்தன. ஒவ்வொரு பூஜைக்கும் எல்லா மெஷினையும் அணைப்பார்கள், இதை மட்டும் அணைக்க மாட்டார்கள். ஓடிக்கொண்டேதான் இது பொட்டு வாங்கும். நடுவில் ஜாவாவைப் புதுசாக மாற்றியபோதுகூட ரீஸ்டார்ட் செய்தாரே தவிர, கரண்டை நிறுத்தியதில்லை. ஊரில் கரண்ட் போனாலும் யூபிஎஸ்ஸும் ஜெனரேட்டரும் தாங்கிக்கொள்ளும். ‘அணைக்காதீர்’ என்று ராஜபாண்டி எழுதி ஒட்டிய காகிதம் முன்பக்கம் இருந்தது. இப்போது அந்த இடத்தில் பசையின் தடம்தான் இருந்தது.

எலக்ட்ரீசியன் லிங்கசாமி இந்த வருசம்தான் வேலைக்குச் சேர்ந்தவர். தாமாகவே வந்து பெருமையாகச் சொன்னார். “ஒண்ணு பாக்கியில்லாம ஈரத்துணி போட்டுத் தொடச்சு, மெயினையே ஆப் பண்ணிப்போட்டுத்தானுங்க பூச போட்டேன்.” அந்த முகத்தைப் பார்த்து என்ன திட்டுவது. சரிங்க என்று சொல்லிவிட்டுத் தரணீதரன் சுவிட்சைப் போட்டார்.

பீப் என்று ஒரு சத்தம் வந்தது. அப்புறம் திரையில் ஏதோ எழுதிவிட்டு, ஒரு கீயை அமுக்கு என்று நின்றுகொண்டது. கீபோர்டு தேடிக் கொண்டுவந்து மாட்டி, என்ன எழுதியிருக்கிறது என்றுகூடப் படிக்காமல் அமுக்கினார். மெதுவாக எழுந்தது. சர்வீஸை ஓட்டுகிற டாம்கேட்டும் எழுந்தது. பிரவுசரில் சர்வீஸின் பக்கத்தைத் திறந்தார், திறந்தது. விஜயராணியை ஸ்கேன் பண்ணச் சொன்னார். “சர்வீஸ் எரர்னு வருதுங்ணா” என்று பதில் வந்தது.

அதற்குள் ஜனனி வந்துவிட்டாள். முதலாளி கந்தப்பனின் மகள். அப்பா வெள்ளகோவில் மில்லைப் பார்த்துக்கொள்ள, இங்கே எல்லாம் அவள்தான். பெங்களூர் கம்பெனி ஒன்றிடம் புது சாஃப்ட்வேர் ஏற்கெனவே வாங்கியாகிவிட்டது. சொன்னால் அவர்கள் ஒரு மணி நேரத்தில் இணைத்துவிடுவார்கள். தூத்துக்குடி லாரி சாயங்காலம் கிளம்பியாக வேண்டும்.

“மூணு மணி வரைக்கும் பாருங்ணா. அதுக்கு மேல ஆச்சுன்னா பெங்களூர்க்காரங்களையே போடச் சொல்லிர்றேன். அப்புறம் இத எடுத்துர்லாங்க” என்றாள்.

மரியாதையாகத்தான் சொன்னாள். சொன்னதிலும் தப்பில்லை. ஆனால் தரணீதரன் பொட்டியைத் திரும்பிப் பார்த்தார். சம்பளக் கணக்கு, நூல் ஸ்டாக், ஷிப்ட் ரிப்போர்ட் என்று அவர் எழுதியதெல்லாம் ஒவ்வொன்றாகப் போய்விட்டது. மிச்சம் இருப்பது இது ஒன்றுதான். ராஜபாண்டியோடு உட்கார்ந்து செய்தது. மூன்று மணிக்குள் எழுந்திருக்கவில்லை என்றால் அதுவும் இன்றோடு முடிந்தது.

சர்வீஸை எடுத்துவிட்டு மறுபடி போட்டுப் பார்த்தார். டாம்கேட்டை நிறுத்தித் திரும்ப ஓட்டினார். உள்ளூரில் தர வேண்டிய பதிலையெல்லாம் சரியாகத் தந்தது. பெட்டி நம்பர் மட்டும் வரவில்லை. நடந்ததையெல்லாம் எழுதி வைக்கிற லாக் ஃபைல்கள் இருக்கிற இடத்துக்குப் போனார். பேக்கிங்கிலிருந்து நம்பர் கேட்டால், டாம்கேட் அதை அன்றைய தேதி போட்ட ஃபைலில் எழுதும். பட்டியலின் கடைசிக்குப் போய்ப் பார்த்தால், இன்றைய தேதியில் ஃபைலே இல்லை. அப்படியென்றால் பேக்கிங்கிலிருந்து கூப்பிடுவதே இங்கே வந்து சேரவில்லை என்று முடிவு கட்டினார். லிங்கசாமியைக் கூட்டிக்கொண்டு கேபிள் கேபிளாகப் பிடுங்கி மாட்டினார். நெட்வொர்க் சுவிட்சையே வேறு மாற்றினார். மேலே ஏறினார், கீழே இறங்கினார். சாப்பாட்டு நேரமும் போய்விட்டது. பேக்கிங்கில் பெட்டிகள் உத்தரம் வரைக்கும் ஏறி நின்றன. வடக்கத்திப் பையன்கள் அதன் மேல் சாய்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இனிமேல் செய்ய ஒன்றும் தோன்றாமல் மாடிப்படிக்கடியில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். பொட்டியின் ஃபேன் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. எடுக்கத்தான் போகிறார்கள், கடைசியாக ஒருமுறை முதல் நாள் லாகைப் பார்த்துவிடலாம் என்று தோன்றியது. பட்டியலை மேலே தள்ளிக்கொண்டே போனார். வருசங்கள் பின்னாலே ஓடின.

அந்த முதல் நாள் அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. ஆடித் தள்ளுபடியில் விலை இறங்கும் என்று கந்தப்பன் சொல்லி, காத்திருந்து வாங்கிய கம்ப்யூட்டர். கோயமுத்தூரில் வாங்கி, அவர் ஒரு பெட்டியும் ராஜபாண்டி ஒரு பெட்டியுமாக மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தார்கள். கண்டக்டர் லக்கேஜ் கேட்டதற்கு, “மடியிலதான அண்ணாச்சி இருக்கு, பச்சப்புள்ளைக்கு டிக்கெட் போடுவியளா” என்று ராஜபாண்டி சண்டை போட்டார். அப்புறம் எத்தனை நாள் எரர் எரராக வந்தது. ஒரு நாள் டீ நேரத்தில், சும்மா அமுக்கிப் பார்ப்போம் என்று அமுக்கியபோது, ஜெர்மனியிலிருந்து முதல் நம்பர் வந்து விழுந்தது. ராஜபாண்டி எழுந்து வெளியே போனார். பேக்கரியிலிருந்து ஒரு பை நிறையத் தேங்காய் பன் வாங்கிவந்து, கட்டிங், டெய்லரிங், பேக்கிங் என்று கண்ணில் பட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தார். எதற்கு என்று கேட்டவர்களுக்கு விளக்கம் சொல்லத் தெரியவில்லை. அவருக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது என்றே கம்பெனி முழுக்கப் பேச்சு.

பட்டியலின் உச்சிக்கு வந்தாயிற்று. முதல் ஃபைல் 2008 ஜனவரி ஒன்று.

தரணீதரன் திறக்கப் போனவர் நின்றார். அந்த வருசம் ஆடியில் வாங்கிய கம்ப்யூட்டர் ஜனவரியிலேயே எப்படி லாக் எழுதும்? அப்போது இது கடைக்கே வந்திருக்காதே.

திறந்தார். காலையிலிருந்து விஜயராணி ஸ்கேன் செய்த பெட்டி ஒவ்வொன்றும் அதில் வரிசையாக இருந்தது. ஒவ்வொன்றின் கீழும் ஒரே எரர்: எதிர் சர்வரின் சர்டிபிகேட் இன்னும் அமலுக்கு வரவில்லை.

அவருக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. உள்ளே தேதியைக் காப்பாற்றி வைக்கிற சின்ன பேட்டரி எப்போதோ செத்திருக்கிறது. கரண்ட் நிற்காத வரைக்கும் அது யாருக்கும் தெரியவில்லை. மெயினை அணைத்ததும் பொட்டி தேதியை மறந்து, தான் தயாரான வருசத்துக்கே போய்விட்டது. ஜெர்மனி சர்வர் தன் அடையாளமாகக் காட்டுகிற சர்டிபிகேட் இந்த வருசத்தது. 2008-இல் உட்கார்ந்துகொண்டு பார்த்தால் அது இன்னும் பிறக்கவே இல்லை. அதனால் இது அந்தச் சர்வரை நம்ப மாட்டேன் என்று காலையிலிருந்து கதவைச் சாத்திக்கொண்டிருக்கிறது.

தேதியையும் நேரத்தையும் திருத்தினார். டாம்கேட்டை ஓட்டிவிட்டு விஜயராணியைக் கூப்பிட்டார். போனில் ஸ்கேனர் சத்தம் கேட்டது. பிறகு பிரிண்டர் கரகரவென்று ஓடியது. பின்னால் பையன்கள் இந்தியில் என்னமோ கத்தினார்கள்.

“வருதுங்ணா. நிக்காம வருது” என்றாள் விஜயராணி. இன்னும் மூன்று ஆகவில்லை.

ஜனனி வந்து என்ன ஆச்சு என்று கேட்டாள். சொன்னார். “2008-ல நான் நாலாங்கிளாஸ்ங்ணா” என்று சிரித்தாள். அப்படியே ஓடட்டும் என்று சொல்லிவிட்டுத் திரும்பினாள். தரணீதரன் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். அவரால் முடியவில்லை.

“இல்லீங்க அம்மிணி. பேட்டரி மாத்தாம வுட்டா, நாளைக்கு மறுபடி யாராச்சும் மெயினை ஆப் பண்ணுனா இதே கதைதானுங்க. மாத்தோணும்னா நாமளே ஒருக்கா அணைக்கோணும். அணைச்சா எந்திரிக்குமான்னு உறுதியாச் சொல்ல முடியாதுங்க. வயசாயிப்போச்சு.”

ஜனனி மணியைப் பார்த்தாள். “லாரி போகட்டுங்ணா. அப்புறம் மாத்துங்க. எந்திரிச்சா இந்த சீசன் முடியற வரைக்கும் ஓடட்டும். எந்திரிக்கலீன்னா, புதுசுக்குப் போயிர்லாங்க.”

லாரி கிளம்பிய பிறகு தரணீதரன் எல்லாவற்றையும் பென்டிரைவில் எடுத்து வைத்தார். பேட்டரியும் வாங்கி வந்தாயிற்று. சுவிட்சின் மேல் கை வைத்தவர், எடுத்துவிட்டு ராஜபாண்டிக்குப் போன் போட்டார். விஷயத்தைச் சொன்னார்.

“இன்னுமால அது ஓடுது?”

“இப்ப அணைக்கப் போறேன் பாண்டி.”

“அணை. நான் லைன்லதான் இருக்கேன்.”

அணைத்தார். ஃபேன் சத்தம் அடங்கியது. மூடியைக் கழற்றி, பழைய பேட்டரியை நகத்தால் நெம்பி எடுத்து, புதுசை அமுக்கி, சுவிட்சைப் போட்டார். ஒன்றும் ஆகவில்லை. போனில் ராஜபாண்டியின் மூச்சு கேட்டது. கரண்ட் ஒயரைப் பிடுங்கி மறுபடி அழுத்திச் சொருகினார்.

பீப்.

“கேட்டுச்சுல” என்றார் ராஜபாண்டி.

மறுபடி தேதியைச் சரிசெய்தார். டாம்கேட்டும் வந்தது. விஜயராணி ஒரு காலிப் பெட்டியை ஸ்கேன் செய்ய, நம்பர் வந்தது. கோவில்பட்டிக் கடையில் யாரோ பிரைமர் கேட்டு அதட்டுவது போனில் கேட்டது. தரணீதரன் வைத்துவிடட்டுமா என்று கேட்டார்.

“வைக்காத. யாவாரம் கெடக்கட்டும். செத்த நேரம் அந்த ஃபேன் கிட்ட வைல போனை.”

தரணீதரன் குனிந்து, போனைப் பொட்டியின் பக்கத்தில் தரையில் வைத்தார். தானும் அங்கேயே கீழே உட்கார்ந்துகொண்டார்.