சித்தப்பாவின் ஃபாண்ட்

"அம்மா பேரோட எழுத்த மட்டும் மாத்துங்க சித்தப்பா. போட்டோ உங்களதே பெருசா இருந்துட்டுப் போகட்டும்," என்றாள் ஜெயக்கொடி.

ஆனையூர் வீட்டு வாசலில் கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அதில் ஆளுயரத்துக்குக் கும்பிட்டபடி சித்தப்பா பாண்டியராஜன். ஓட்டல் அதிபர், சமூக சேவகர், இன்னும் நான்கு வரி. செத்துப்போன அம்மா மூலையில், ஸ்டாம்பு அளவில். கனகலட்சுமி என்ற அவள் பெயர் நகைக்கடை விளம்பரம் மாதிரி தங்க நிறத்தில் மின்னியது.

"எந்த எழுத்துலத்தா வேணும்?"

"உங்க மெனு கார்டுல இருக்குல்ல, அந்த டைப்ரைட்டர் எழுத்து."

"அந்தத் தேஞ்ச எழுத்தா? சாவு வீட்டுல வச்சா பிரிண்டு சரியில்லம்பாங்க. நம்ம கௌரவம் என்னாகுறது?"

அம்மா பத்திர ஆபீஸ் மரத்தடியில் மனு டைப் அடித்த காலமெல்லாம், 'மதினி கவர்மெண்டு வேலை' என்று சொந்தக்காரர்களிடம் சொல்லிக் காப்பாற்றிய கௌரவம். ஓட்டல் திறந்தபோது மட்டும் அம்மா அடித்த தாள்களைக் கேட்டு வாங்கிப்போனார். ஃபிளெக்ஸ் கடை முகேஷ் அவற்றை ஸ்கேன் செய்து கம்ப்யூட்டர் ஃபாண்ட் ஆக்கினான். மை அடைத்த 'க'வின் வயிறு, ஒரு நூல் தூக்கி விழும் 'ல', எல்லாம் அப்படியே. மெனுவின் அடியில் 'எங்கள் தாத்தா காலத்து எழுத்து' என்று போட்டிருந்தது. தாத்தா கைநாட்டு.

முகேஷுக்குப் போன் போட்டாள்.

"அம்மா எழுத்துதான்க்கா, எனக்குத் தெரியாதா? அண்ணே சொல்லாம தொட முடியாது. ஃபாண்ட் அவருதுன்னு எழுதி வாங்கிட்டாரு."

கொஞ்ச நேரத்தில் ஓட்டலிலிருந்து காபி வந்தது. பேப்பர் கப்பைச் சுற்றி அம்மாவின் எழுத்தில் 'பாண்டியராஜன் பாரம்பரிய காபி'. பிரிண்டு சரியில்லை என்று யாரும் சொல்லவில்லை. உறிஞ்சினார்கள்.

"நீயும் ஒரு வாய் குடி ஆத்தா," என்று சித்தப்பா ஒன்றை நீட்டினார். வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

வாய்க்கரிசிக்குக் கூப்பிட்டதும் சித்தப்பா முதல் ஆளாக வந்தார். போட்டோக்காரருக்கு வாகாகத் திரும்பி நின்றார்.

"அரிசித் தட்டு எங்க?"

ஜெயக்கொடி கப்பை நீட்டினாள். காபியைக் கொட்டிக் கழுவி, விளிம்பு வரை அரிசி நிரப்பியிருந்தாள். எழுத்து அவரைப் பார்த்திருந்தது.

"இதுலயா?"

"எடுங்க சித்தப்பா."

அவர் சுற்றிலும் பார்த்தார். எல்லார் கையிலும் அதே கப். இரண்டு விரலை உள்ளே விட்டார்.

"அக்கா, அண்ணே மொகத்த மறைக்குது. கப்பைக் கொஞ்சம் எறக்குங்க," என்றார் போட்டோக்காரர்.

அவள் இறக்கவில்லை.