வாசல் மரம் கணக்கில் சேராது

1

இந்தக் கதை ஒரு படிவத்தில் தொடங்கியது. ஜனவரி கடைசியில், வீட்டுத் தோட்டத்துக்கு வரும் பறவைகளை ஒரு மணி நேரம் எண்ணி அனுப்ப வேண்டும். கீழே 'வேறு குறிப்புகள்' என்று ஒரு கட்டம். அதில் எழுத ஆரம்பித்தது அடங்காமல் இங்கே வந்து நிற்கிறது.

முதல் வரி: பெரில் தேநீரை ஜன்னல் விளிம்பில் வைத்தாள்.

(பெரில் நான்தான். 'நான்' என்று எழுதினால் உடனே சாக்குச் சொல்லத் தொடங்கிவிடுகிறேன்.)

2

ஒரே சமயத்தில் கண்ணில் பட்டவற்றை மட்டும்தான் எழுத வேண்டும். அவள் கணவன் லயனலுக்கு இந்த விதி கடைசிவரை மண்டையில் ஏறவில்லை. ஒரே ராபின் குருவி நான்கு முறை வந்தால் நான்கு என்பான்.

"அது அதே ராபின்தான்."

"நீ அதுகிட்ட பேரு கேட்டியா?"

முறைத்துக்கொண்டு மாடிக்குப் போனான்.

3

[லயனலை இன்னும் நல்லவனாகக் காட்டலாமா? வேண்டாம். எரிச்சல் கிளப்புகிற ஆள். வருடா வருடம் எண்ணிக்கை நடக்கும்போதே மாடியிலிருந்து கூப்பிடுவான், வாசலில் தெரு மரத்தில் ஏதோ உட்கார்ந்திருக்கிறது என்று. தெரு மரம் கணக்கில் சேராது. எழுந்து போனால் தோட்டத்தில் ஒன்று தவறும்.]

இந்த வருடம், மணி பத்து ஐம்பத்து மூன்று.

"பெரில், கொஞ்சம் இங்க வா."

"இன்னும் ஏழு நிமிஷம் இருக்கு, லயனல்."

அவன் மறுபடி கூப்பிடவில்லை. பதினொன்றுக்குக் கடைசிப் புறாவையும் எழுதிவிட்டு அவள் மாடி ஏறினாள். முன்னறை ஜன்னலடியில் விழுந்து கிடந்தான். மூச்சு இல்லை. அவள் அவன் கையை

(இந்த வாக்கியம் இவ்வளவுதான்.)

4

உடனே வந்திருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்றார் டாக்டர். நல்ல வாக்கியம். கதைக்கு உதவாது. அவன் எதற்குக் கூப்பிட்டான் என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டும்.

முடிவு ஒன்று: வடக்கேயிருந்து வரும் கொண்டைப் பறவைக் கூட்டம், வாக்ஸ்விங், வாசல் மரத்தில் இறங்கியது. அதைக் காட்டக் கூப்பிட்டான்.

முடிவு இரண்டு: நெஞ்சு வலித்தது.

தங்கை மார்ஜரிக்கு முதலாவதுதான் பிடித்தது. "அதையே எழுதித் தொலை, பெரில். யாரு வந்து சரிபார்க்கப் போறாங்க?" லயனல் பேசுவதைப் போலவே பேசுகிறாள். கண்ணால் பார்க்காததை நான் எழுதுவதில்லை. வேண்டியதை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்.

எடுக்கும் முன் ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் கூட்டம் இறங்கினால் அரை மணியில் பழமெல்லாம் தின்று மரத்தை மொட்டையடித்துவிடும். வாசல் மரத்தில் சிவப்புப் பழங்கள், இன்று காலை பார்த்தேன், கொத்துக் கொத்தாக அப்படியே இருக்கின்றன.