செவ்வாய்க்கிழமை நோயாளிகள்

எனக்கு ஒரு கெட்ட புத்தி. ஒரு விஷயத்தில் கை வைத்தால் அதன் அடிமுடி தெரியாமல் விடமாட்டேன். மலையூர்களுக்கு வாரத்தில் எத்தனை நாள் நர்ஸை அனுப்ப வேண்டும் என்று பெரிய டாக்டர் கேட்டார். இந்த ஆஸ்பத்திரியின் ரெக்கார்டு அறைக்கு மாற்றலாகி வந்து ஆறு மாதம்தான் ஆகிறது. வேறு யாராக இருந்தாலும் போன வருஷக் கணக்கை எடுத்து நீட்டியிருப்பார்கள். நானோ நாற்பது வருஷத்து நோட்டுகளையும் தரையில் பரப்பிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். தும்மித் தும்மி மூக்கு சிவந்ததுதான் முதல் பலன்.

ஆனால் சும்மா சொல்லக்கூடாது, சுவாரசியமாகத்தான் இருந்தது. ஆஸ்பத்திரி இரண்டே அறையாக இருந்த காலத்துக் கம்பவுண்டர் வயிற்றுவலிக்கும் பல்வலிக்கும் ஒரே மருந்தை எழுதியிருந்தார், மகராசன். பதினோராம் வருஷம் பிரசவ வார்டு வந்திருக்கிறது. எக்ஸ்ரே வர இருபது வருஷம் ஆகியிருக்கிறது. புரட்டப் புரட்ட இன்னொன்றும் கண்ணில் பட்டது. மலைக்காரர்கள் அத்தனை பேரும் செவ்வாய்க்கிழமைதான் வந்திருந்தார்கள். காய்ச்சல், எலும்பு முறிவு, பிரசவம், எல்லாம் செவ்வாய். அட, நோய்கூடவா கிழமை பார்த்து வரும்?

"வாரம் ஒரு நாள், செவ்வாய் போதும்" என்று எழுதி, பெருமை தாங்காமல் ஜீப் டிரைவரிடம் காட்டினேன். நர்ஸை ஏற்றிக்கொண்டு போகப்போகிறவர் அவர்தான். சொந்த ஊரும் மலைதான். லேசில் வாய் ஓயாத மனுஷன், அதை இரண்டு தரம் படித்தார்.

"அக்கா, செவ்வாக்கிழமை சந்தை நாளு. அன்னைக்குத்தான் லாரி கீழ இறங்கும். அதுல ஏத்தி விடுவாங்க."

"மத்த நாள்ல?"

"செவ்வா வரைக்கும் தாங்கணும்."

"தாங்கலைன்னா?"

"என் தங்கச்சிக்குப் புதன்கிழமை வலி எடுத்துச்சு. அப்ப நான் இந்த வேலைக்கு வரல. ரெண்டு நாள் துடிச்சா." காகிதத்தைத் திருப்பித் தந்தார். "உங்க நோட்டுல தேடாதீங்க. அவ இருக்கமாட்டா."

எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. பெரிய கண்டுபிடிப்பு என்று எதைத் தூக்கிக்கொண்டு வந்தேன்! என் மேலேயே வந்த ஆத்திரத்தில் காகிதத்தை நாலாகக் கிழித்தேன். நோட்டுகளை அள்ளிக்கொண்டு பெரிய டாக்டர் அறைக்குப் போனேன்.

"நர்ஸ் தினமும் போகணும் சார்."

"ஆதாரம்?"

புதன்கிழமைப் பக்கங்களை ஒவ்வொன்றாகத் திறந்து மேஜைமேல் வைத்தேன். பக்கத்து ஊர்க்காரர்கள் நிறைய இருந்தார்கள். மலைக்காரர் ஒருவர்கூட இல்லை.

"செவ்வாய் வரைக்கும் உசிரோட இருந்தவங்கதான் சார் இதுல இருக்காங்க" என்றேன். டிரைவரின் தங்கையைப் பற்றியும் சொன்னேன்.

அவர் வியாழனைப் புரட்டினார். பிறகு வெள்ளியை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, உத்தரவில் "தினமும்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"இந்த மாதிரி எத்தனை பேர் இருப்பாங்கம்மா?"

"தெரியல சார். நாப்பது வருஷமா யாருமே எழுதி வைக்கல."