புழு போயிடுச்சா?

1

இந்தக் கதை புழுவிலிருந்து பிறந்தது. கௌரவமான பிறப்பு இல்லைதான், என்ன செய்ய? தங்கை என்னிடம் விட்டுப்போன மீன்தொட்டியில், கண்ணாடியை ஒட்டி வெள்ளை நூல்கள் கிடந்தன. உற்றுப் பார்த்தேன். நெளிந்தன.

(இதற்கு முன் எழுதிய தொடக்கம்: "நீருக்கடியில் ஒரு சின்னக் காடு இருந்தது. அந்தக் காட்டில் ஒரு" – சகிக்கவில்லை. விட்டுவிட்டேன்.)

2

கதையில் அக்கா, தங்கை இரண்டே பேர். அக்கா நான். ஒரு கணவனையும் சேர்க்கலாமா என்று யோசித்தேன். வீட்டில் இல்லாதவனைக் கதையில் மட்டும் உட்கார வைப்பானேன்?

தங்கைக்கு வேறு ஊருக்கு மாற்றல். வசதியான வீடு கிடைக்கும்வரை தொட்டி என் பொறுப்பு. அடிக்கடி பேசுவதாகச் சொல்லிவிட்டுப் போனாள். பேசவில்லை. நான் குறை சொல்லவில்லை. சரி, கொஞ்சம் சொல்கிறேன்.

புழுவைப் படமெடுத்து அனுப்பினேன். உடனே கூப்பிட்டாள்.

"எவ்வளவுக்கா தீனி போடுற?"

"ஒரு சிட்டிகைதான்."

"எத்தனை தடவை?"

பேச்சை மாற்றினேன். வளர்ப்பு மீன் கடைக்காரரும் அதையேதான் கேட்டார். மிஞ்சிய தீனி மண்ணில் அழுகினால் இது பெருகுமாம். மீனை ஒன்றும் செய்யாதாம். மருந்து ஊற்றினால் மீன்களோடு இருக்கும் குட்டி இறால்கள் செத்துப்போகும், தீனியைக் குறைத்து, அழுகின இலைகளைக் கிள்ளி, குழாய் வைத்து மண்ணிலுள்ள கசடை உறிஞ்சி எடுங்கள் என்றார்.

3

ஒரு சிட்டிகையில் இத்தனை புழுவா, நம்பும்படி இல்லையே என்பீர்கள். நியாயம்தான். நான் சாப்பிட உட்காரும்போதெல்லாம் மீன்களுக்கும் போட்டேன். டீ குடித்தால் டீக்கும் ஒரு சிட்டிகை. தட்டைத் தொட்டிப் பக்கம் வைத்துக்கொள்வேன். நான் வாயைத் திறக்கும்போது அவையும் திறக்கும். தனியாகச் சாப்பிட எனக்குப் பிடிக்கவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

("தனிமை என்பது" என்று தொடங்கும் நீண்ட பத்தி ஒன்று இங்கே இருந்தது. ஊருக்கு உபதேசம் மாதிரி இருந்ததால் எடுத்துவிட்டேன்.)

4

புழு வந்தபின் தங்கை தினமும் கூப்பிட்டாள். "புழு போயிடுச்சாக்கா?" என்று ஆரம்பிப்பாள். இன்னும் இருக்கிறது என்பேன். பிறகு மேலதிகாரியின் சிடுசிடுப்பு, அடிப்பிடித்த குக்கர், மாடி வீட்டுக்காரரின் தும்மல் என்று பேச்சு எங்கெங்கோ போகும். புழுவுக்கு நன்றி சொன்ன ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

நேற்று, "வீடு கிடைச்சிடுச்சுக்கா" என்றாள். "பெரிய தொட்டி ஒண்ணு வாங்கி செடியெல்லாம் வெச்சிட்டேன். புழு சுத்தமா போனதும் சொல்லு, வந்து மீனைத் தொட்டியோட எடுத்துட்டுப் போயிடறேன். உனக்கும் தொல்லை விட்டுது."

5

இன்று டார்ச் அடித்துப் பார்த்தேன். கண்ணாடியில் இல்லை. மண்ணைக் கிளறினேன், அங்கும் இல்லை. சொன்ன வேலையைச் சொன்னபடி செய்து தொலைத்திருக்கிறேன்.

முடிவு இப்படி இருக்கலாம்: உண்மையைச் சொல்கிறேன். வருகிறாள், ஒரு நாள் தங்குகிறாள், போகிறாள். மேசையில் தொட்டியின் ஈரத் தடம்.

அல்லது, இன்னும் இருக்கிறது என்று பொய். நாளையும் கூப்பிடுவாள்.

அல்லது தீனி டப்பாவைத் திறக்கிறேன். அப்போது அது பொய்கூட இல்லை. (எழுதவே கை கூசுகிறது. ஆனாலும் அடிக்கவில்லை.)

இன்னொன்றும் உண்டு. "புழு போயிடுச்சு. ஆனா நீ தினமும் கூப்பிடு" என்று கேட்டுவிடுவது. பக்கம் பக்கமாக வசனம் எழுதியிருக்கிறேன். இதைச் சொல்லிப் பார்த்தேன், "ஆனா" வரைக்கும்தான் வாய் வருகிறது.

தட்டோடு உட்கார்ந்திருக்கிறேன். மீன்கள் கண்ணாடிக்கு வந்து வாயைத் திறக்கின்றன. போன் அடிக்கிறது. நீங்களே எடுங்களேன். புழு போயிடுச்சா என்று கேட்பாள். என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள், சீக்கிரம் மட்டும் வைத்துவிடாதீர்கள்.